அத்தானுடைய ஐந்து சைபர்

மோட்டார் சைக்கிளை வேனில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, அதை ஓட்டுவதற்காகத் தாங்கள் விமானத்தில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். குதிரையைப் பல்லக்கில் ஏற்றி அனுப்புகிற கதைதான். ஆனால் அந்தச் சிரிப்பை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். பல்லக்கைத் தூக்குகிறவளே நான்தானே. பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு: ஒரு நீளமான வேன், ஆறு வண்டி, இரண்டு நாள் ஓட்டம், நடுவில் ஒரு எல்லை, அங்கே காட்ட ஒரு கட்டுப் பேப்பர். அவர்கள் பத்து நாள் மலையில் சுற்றிவிட்டு வண்டியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் பறந்து போய்விடுவார்கள். நான் என் பெரிய வேனோடு ஊர்ந்து வீடு வந்து சேருவேன்.

இந்தத் தொழிலுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. ஆளுடைய வண்டியின் டயர் என் பொறுப்பில் இருக்கும்போது இரண்டே தடவைதான் தரையைத் தொடலாம். இங்கே பலகையில் ஏற்றும்போது ஒன்று, அங்கே இறக்கும்போது ஒன்று. ஏற்றுமுன் கிலோமீட்டர் மீட்டரை ஒரு போட்டோ எடுப்பேன், இறக்கியதும் இன்னொன்று. இரண்டிலும் ஒரே நம்பர் இருக்கவேண்டும். கீறல் விழுந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். 'நடுவில் இறக்கி ஓட்டிப் பார்த்தாளாம்' என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அன்றோடு கடையைக் கட்டவேண்டியதுதான்.

இப்போது அத்தானுக்கு வருகிறேன். என் அக்காவின் கணவர். பல் டாக்டர். மாடிப்படி ஏறினால் மேலே போனதும் எத்தனை படி என்று சொல்கிற ஜாதி. அவருடைய மோட்டார் சைக்கிள் கிளப்பில் அவருக்குப் பட்டப்பெயரே 'மீட்டர்' என்பதுதான். அக்காவைக் கட்டிக்கொள்வதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே வாங்கிய வண்டி அவருடையது. அந்த மூப்பு வரிசை அந்த வீட்டில் இன்றுவரை காப்பாற்றப்பட்டு வருகிறது.

பழைய காலத்து வண்டி. மீட்டரில் ஐந்து இலக்கம்தான். தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைத் தாண்டினால் ஐந்தும் சைபராகிவிடும், அதாவது ஒரு லட்சம். எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டர் 99,140-ல் வந்து நின்றது. அத்தான் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தார். வெளிநாட்டில் நான் வண்டி இறக்குகிற இடத்திலிருந்து, கிளப் போகிற பாதையில், அந்த மலைக் கணவாயின் உச்சிவரை சரியாக 860 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினார். உச்சியில், மேகத்துக்கு மேலே, ஐந்து சைபர் ஒன்றாகத் திரும்பும். அதைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கி ஆஸ்பத்திரியில் நோயாளிகள் உட்காருகிற இடத்தில் மாட்டவேண்டும். அதற்கு ஆணிகூட அடித்துவிட்டார்.

அன்றிலிருந்து வண்டியை அவர் ஓட்டவில்லை. ஷெட்டில் போர்வை போர்த்தி நிறுத்திவிட்டார். ஞாயிறுதோறும் ஸ்டாண்டில் வைத்தபடியே பத்து நிமிடம் எஞ்ஜினை ஓடவிட்டுத் துடைத்து வைப்பார். மற்றவர்கள் சோம்பேறித்தனத்தால் வண்டியை வேனில் அனுப்புகிறார்கள். கணக்குக்காக அனுப்பிய ஒரே ஆள் என் அத்தான்தான்.

அக்கா அவரிடம் ஒரே ஒரு தடவை, தானும் வருவதாகக் கேட்டிருக்கிறாள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் டயர் அமுங்கும், டயர் அமுங்கினால் சுற்றளவு குறையும், சுற்றளவு குறைந்தால் சைபர் உச்சிக்கு முன்னாலேயே வந்துவிடும் என்று அவர் பேப்பரில் போட்டுக் காட்டியிருக்கிறார். கட்டிய பெண்டாட்டியை டயர் அமுக்குகிற மூட்டையாகக் கணக்குப் போட்ட மனிதரை என்ன சொல்வது? மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா என் வீட்டுக்கு வந்து, எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடு என்றாள். அவளுக்கு வயது நாற்பத்தெட்டு.

எந்த வண்டியில் என்று கேட்டேன். ஷெட்டில் சும்மாதானே நிற்கிறது என்றாள்.

திட்டம் அவளுடையது. கிளப் ஆட்கள் போன ஐந்தாம் நாள் சத்தம் காட்டாமல் அவளும் விமானம் ஏறி வந்துவிடுவாள். ஆறாம் நாள் காலை மலையடிவாரத்தில் அவர் எதிரே போய் நின்று, சாவியைக் கொடுங்க, பின்னால் உட்காருங்க என்பாள். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. அதுவரை மூச்சு விடமாட்டேன் என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். டிக்கெட் எடுத்தாயிற்று. அவளுடைய ஹெல்மெட் என் வேனில் சீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

மீட்டர் ஏறாமல் ஓட்டுவது எப்படி? அதைச் சொல்லிக்கொடுத்த புண்ணியவதி நான். முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்கு ஒரு கேபிள் போகும். சக்கரத்தின் பக்கம் அதைக் கழற்றிவிட்டால் வண்டி உலகத்தைச் சுற்றினாலும் மீட்டர் அசையாது. அக்கா வாரத்தில் நாலு நாள், அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனதும் கேபிளைக் கழற்றுவாள், தன் தலைமுடி ரப்பர் பேண்டால் அதை முன்பக்கக் கம்பியோடு சேர்த்துக் கட்டுவாள், எட்டுக் கிலோமீட்டர் ஒரு சுற்று அடிப்பாள்: வீட்டுச் சந்து, தண்ணீர்த் தொட்டி, மார்க்கெட்டின் பின்பக்கம், மேம்பாலம், வீடு. வந்ததும் கேபிளைப் பழையபடி மாட்டிவிட்டுக் காலண்டருக்குப் பின்னால் ஒரு கோடு போடுவாள். முதல் மாதம் இரண்டு தடவை விழுந்தாள். மூன்றாம் மாதம் திருப்பத்தில் என்னையே முந்தினாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அத்தானுக்குச் சந்தேகமே வரவில்லையா என்றால், வந்தது. டேங்கில் பெட்ரோல் குறைவதைக் கண்டுபிடித்தார். ஆவியாகப் போகிறது என்று முடிவு கட்டினார். செயின் தொய்ந்திருப்பதையும் கண்டுபிடித்தார். சும்மா நின்றாலே இரும்பு தளரும் என்று கிளப்பில் அரைமணி நேரம் சொற்பொழிவு ஆற்றினார். அக்காவும் நானும் காபி டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்டோம்.

வண்டி ஏற்றுகிற நாள் வந்தது. அன்று காலை அக்காவுக்கு மனசு கேட்கவில்லை, கடைசியாக ஒரு சுற்று அடித்திருக்கிறாள். அத்தான் அன்றைக்குப் பார்த்து ஆஸ்பத்திரியைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்துவிட்டார். கேட் சத்தம் கேட்டதும் வண்டியை ஸ்டாண்டில் தள்ளி, போர்வையை எறிந்துவிட்டு அடுப்படிக்கு ஓடியிருக்கிறாள். கேபிள் கட்டியது கட்டியபடி நின்றுவிட்டது. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பட்டை இழுத்தால் கீறல் விழும் என்று அத்தான் வண்டியின் முன்பக்கம் முழுவதும் ஒரு பழைய படுக்கை விரிப்பைத் தன் கையாலேயே சுற்றினார். என்னைத் தொடவிடவில்லை. போட்டோ எடுத்தேன், 99,140. இரண்டு நாள் ஓட்டி, எல்லையில் நாலு மணி நேரம் காத்துக் கிடந்து, கிளப் ஆட்கள் ஆறு பேரும் குளித்துச் சீவி நின்ற இடத்தில் இறக்கினேன். போட்டோ எடுத்தேன், 99,140. அத்தான் விரிப்பை அவிழ்த்துவிட்டு மீட்டரைத் தடவிக் கொடுத்தார். கேபிளும் கறுப்பு, கம்பியும் கறுப்பு, ரப்பர் பேண்டும் கறுப்பு. அவர் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை.

ஓடவிட்ட அரைக் கிலோமீட்டரிலேயே கண்டுபிடித்திருப்பார். அங்கேதான் விதி விளையாடியது. இவர்கள் ஹெல்மெட்டுக்குள் ஒருவரோடொருவர் பேச மைக் வைத்திருப்பார்கள். போன வருடப் பயணம் முழுக்க அத்தான் அதில் ஒவ்வொரு கிலோமீட்டரையும் வாசித்துக்கொண்டே வந்திருக்கிறார். கிளப்பின் தலைவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர், அவரைக் கேப்டன் என்பார்கள். அவர் இந்தத் தடவை ஒரேயடியாகச் சொல்லிவிட்டார், முதல் நாள் முழுக்க மீட்டரைப் பார்க்கக்கூடாது என்று. அத்தானுடைய மருந்துப் பெட்டியிலிருந்தே பிளாஸ்திரியை எடுத்து மீட்டர் கண்ணாடிமேல் அவரே ஒட்டினார். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

அன்று 210 கிலோமீட்டர் ஓட்டினார்கள். மூட்டை முடிச்சோடு நான் வேனில் பின்னால் போனேன். நாலு மணிக்கு லாட்ஜ் முற்றத்தில் எல்லாரும் கூடி நிற்க, கேப்டன் திறப்பு விழா மாதிரி பிளாஸ்திரியை உரித்தார். 99,140.

அத்தான் கண்ணாடியைத் தட்டினார். குனிந்தார். சக்கரத்தருகே கை விட்டார். கட்டியிருந்த கேபிளைக் கண்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

"நடுவுல எங்கயோ இறக்கி ஓட்டிருக்க," என்றார். "நம்பர் ஏறக்கூடாதுன்னு கேபிளைக் கழட்டிட்ட. திரும்ப மாட்ட மறந்துட்ட. ரெண்டு போட்டோவும் ஒரே மாதிரி இருக்கறதோட லட்சணம் இதுதானா?"

கணக்கு கச்சிதம். ஆள்தான் தப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதுவும் சொந்த அத்தான், ஐந்து பேர் முன்னால். பதில் நாக்கு நுனியில் நின்றது. கேபிள் கட்டியிருந்த ரப்பர் பேண்ட் யாருடையது என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பித்துவிடுவேன். அக்கா எட்டு மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்தது போய்விடும். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

டயர் இரண்டே தடவைதான் தரையைத் தொட்டது, மற்றதை ஐந்து நாள் கழித்துச் சொல்கிறேன் என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. ஐந்து நாள் எதற்கு, பொய்யைச் சமைக்கவா என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் வண்டியின் முன்சக்கரத்தைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். பதினோரு வருடத்தில் என் முன்னால் யாரும் அப்படிக் குனிந்ததில்லை.

கேப்டன் நல்ல மனிதர். என்னைத் தனியாக அழைத்துத் தாழ்ந்த குரலில், "அடுத்த வருஷம் நம்ம கிளப்போட நாப்பது வண்டியும் உங்கிட்டதான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்மா. ஏதாவது சொல்லு," என்றார். நான் வேன் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் அத்தான் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். உன் தங்கை செய்த காரியத்தை நீயே கேள் என்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்து, 99,140-லிருந்து பிளாஸ்திரிவரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"என்னங்க," என்றாள் அக்கா. "அந்த ரப்பர் பேண்டைத் திருப்பிப் பாருங்க. ஒரு சின்ன வெள்ளைப் பூ இருக்கா?"

அத்தான் திருப்பினார். இருந்தது.

"அது என்னோடது."

பிறகு அவள் நிறுத்தவே இல்லை. பத்து மணிச் சுற்று, கேபிள், ஆவியாகப் போன பெட்ரோல், தளர்ந்த இரும்பு, காலண்டருக்குப் பின்னால் நூற்று முப்பத்தொரு கோடு, எடுத்து வைத்திருந்த டிக்கெட், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கிளப் ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். கேபிளைக் கழற்றக் கற்றுக்கொடுத்தது யார் என்பதை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டாள். கடைசியில் சொன்னாள்:

"உங்க லட்சம் ஆயி ஒரு மாசம் ஆச்சுங்க. ஒரு செவ்வாய்க்கிழமை. ஹேண்டில்ல ஒரு பை வெங்காயம் தொங்கிட்டிருந்துச்சு."

அத்தானின் உதடு அசைந்தது. 860-ஐ எட்டால் வகுக்கிறார் என்று எனக்குத் தெரியும். "நூத்தியெட்டாவது சுத்துல," என்று முணுமுணுத்தார். "பாதியில."

"ஆமா. மார்க்கெட்டுக்குப் பின்னாடி. வண்டியை நிறுத்தி ரெண்டு நிமிஷம் நின்னேன். யார்கிட்டயும் சொல்ல முடியல."

நான் வேனுக்குப் பின்னால் போய் அழுதேன். எனக்கென்ன வெட்கம்? எட்டு மாதம் சேர்த்து வைத்த சந்தோஷத்தை என் பெயருக்காக ஒரே நிமிடத்தில் உடைத்துப் போட்டுவிட்டாள். கூடப் பிறந்தவள் என்றால் அதுதான்.

அக்கா விடவில்லை. எவ்வளவு சத்தமாகத் திட்டினாரோ அவ்வளவு சத்தமாக என்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றாள். அத்தான் கேட்டார். லாட்ஜ்காரர் வெளியே வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கேட்டார். அவர் மன்னிப்பிலும் அளவு பிசகாது. மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு சமாதானம் சொன்னார்கள். முதலில் குனிந்தவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

கோபம் வடிந்த பிறகுதான் அத்தானுக்குத் தன் நிலைமை உறைத்தது. மீட்டரில் ஏறாத 210 போனது போனதுதான். உச்சியில் மீட்டர் 99,790 காட்டும். சைபர், மலையிறங்கி ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் திரும்பும். படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். பல் பிடுங்கின குழந்தை மாதிரி தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் ரொம்பப் பாவமாக இல்லை.

என் வேனில் ஒரு ட்ரில் இருக்கிறது. கேபிளின் முனையை அதன் வாயில் மாட்டிச் சுற்றவிட்டால், வண்டி ஓடுவதாக மீட்டர் நம்பிவிடும். அவர் ஓட்டித் தொலைத்த 210-ஐ அப்படியே ஏற்றிவிடலாம். இது ஏமாற்று இல்லை, உண்மையிலேயே ஓடிய தூரம்தானே. அவரிடம் போய்ச் சொன்னேன். எழுந்தே நின்றுவிட்டார்.

"ட்ரில் என்னுது அத்தான்," என்றேன். "ஆறாம் நாள் மலையடிவாரத்துல சாவி அக்கா கைக்குப் போகணும். சைபர் வர்றப்போ அவதான் ஓட்டணும். நீங்க பின்னாடி."

டயர் அமுங்குமே என்று ஆரம்பித்தார். அப்படியானால் பெட்ரோல் பங்கிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று ட்ரில்லைப் பெட்டிக்குள் வைக்கப்போனேன். கேப்டன் இருமினார். அத்தான் சம்மதித்தார்.

முதலில் ட்ரில் தப்புப் பக்கம் சுற்றியது. மீட்டர் பின்னால் போய் 99,139 ஆனது. அத்தான் போட்ட கத்தலில் மரத்திலிருந்த காகமெல்லாம் பறந்தது. திருப்பிவிட்டேன். மணிக்கு எழுபது வேகம், முழுசாக மூன்று மணி நேரம். நான் ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. ட்ரில் பிடிக்கப் படித்தவர் அவர்தானே. முக்காலியில் உட்கார்ந்து, வண்டிக்கு வாயைத் திற என்று சொல்லாத குறையாக, கண் கொட்டாமல் ஓட்டினார். ஐம்பதுக்கு ஒரு தடவை கிளப் ஆட்கள் வந்து கைதட்டிவிட்டுப் போனார்கள். 99,350-ல் நிறுத்திவிட்டு, மரத்துப்போன கையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஆறாம் நாள் காலை அக்காவை விமான நிலையத்திலிருந்து வேனில் அழைத்து வந்தேன். மலையடிவாரத்தில் அத்தான் தயாராக நின்றார். சாவியை நீட்டினார். பிறகு குனிந்து டயர் இரண்டுக்கும் கொஞ்சம் கூடுதலாகக் காற்று அடித்தார். இப்போது இரண்டு பேர் உட்கார்ந்தாலும் அமுங்காது என்றார். இந்தக் காற்றை எட்டு மாதத்துக்கு முன்னாலேயே அடித்திருக்கலாமே அத்தான் என்றேன். காதில் விழாத மாதிரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

அக்கா ஓட்டியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். கேப்டன் எனக்கும் ஒரு மைக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அத்தான் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. பத்தாவது திருப்பத்துக்கு மேல் இழுப்பதை நிறுத்திவிட்டார், நம்பர் வாசிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை யாரும் அவரை அடக்கவில்லை. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. உச்சியில் ஒரு கல்லும் ஒரு காற்றாடிக் கம்பமும்தான் இருந்தன, கீழே முழுக்க மேகம். கல்லுக்கு நாலு அடி முன்னால் ஐந்து இலக்கமும் ஒன்றாகப் புரண்டு சைபரானது. அக்கா அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தினாள். அத்தான் அவள் தோளுக்கு மேலாகக் கை நீட்டிப் போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோ இப்போது அந்த ஆணியில் தொங்குகிறது. மீட்டருக்குப் பக்கத்தில் அக்காவின் மணிக்கட்டும் அதில் விழுந்திருக்கிறது, கறுப்பு ரப்பர் பேண்டும் வெள்ளைப் பூவுமாக.

போட்டோ எடுத்த கையோடு மைக்கில் அத்தானின் குரல் கேட்டது. "லட்சம்," என்றார். "பாத்தியா? இருபத்தியேழு வருஷம். வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் இது வரும்."

அக்கா திரும்பவில்லை. மேகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எனக்கு இது ரெண்டாவது தடவைங்க."